அலமாரியில் சாகும் கன்சோல்கள்

1990-91 வளைகுடாப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த ஒரு பாசறை குண்டுவீச்சில் எரிந்தது. எரிந்த பொருள்களுக்கு நடுவே கேம் பாய் என்ற கையடக்க ஆட்டக் கருவி ஒன்றும் கிடந்தது. முகப்புப் பிளாஸ்டிக் உருகி வழிந்து, ஓரமெல்லாம் கருகிப்போன அந்தக் கருவி நின்டெண்டோ நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மின்சாரம் கொடுத்து டெட்ரிஸ் கேசட்டைச் செருகிப் பார்த்தார்கள், ஓடியது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பல ஆண்டுகள் அது டெட்ரிஸ் ஓட்டிக்கொண்டே இருந்தது.

அதே 1990இல் சேகா நிறுவனம் கேம் கியர் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. வண்ணத் திரை, இருட்டிலும் ஆடப் பின்னொளி என்று கேம் பாயிடம் இல்லாததெல்லாம் அதில் இருந்தது. இன்று ஒரு கேம் கியரைக் கீறல்கூட இல்லாத நிலையில் பெட்டியிலிருந்து எடுத்து 6 பென்சில் செல்களைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சத்தம் வராது. வந்தாலும் திரை மங்கலாகக் கிடக்கும். அதை யாரும் கீழே போடவில்லை, தண்ணீரில் நனைக்கவில்லை. சும்மா இருந்தே செத்துப்போயிருக்கும்.

"ரொம்ப நேரம் ஆடாதே, கெட்டுப்போயிடும்" என்று பிள்ளைகளை அதட்டாத வீடு இல்லை. ஆனால் ஆடுவதால் கன்சோல் கெடுவது குறைவு. அதைக் கொல்வது வெப்பம், ஈரம், தூசி, கவனிக்காமல் விட்ட பேட்டரி. இவற்றில் பாதி வேலை, கருவி அணைந்து கிடக்கும்போதே நடக்கிறது.

கேம் கியரைத் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். சர்க்யூட் பலகையின்மேல் சின்னஞ்சிறு வெள்ளி நிற உருளைகள் நிற்கும். அவைதான் மின்தேக்கிகள், கடைகளில் கெபாசிட்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அவை. உள்ளே அலுமினியத் தகடும் காகிதமும் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கும். காகிதம் ஒரு மின்பகு திரவத்தில் ஊறியிருக்கும். அடியில் ரப்பர் அடைப்பு. ஆண்டுகள் போகப்போக அந்த அடைப்பு தளர்ந்து, திரவம் கசிந்து பலகையில் இறங்குகிறது. உருளையின் காலடியில் செம்புத் தடங்கள் பளபளப்பு இழந்து பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். சால்டரிங் அயர்னின் நுனியை அங்கே வைத்தால் குப்பென்று மீன் நாற்றம் எழும். பழுதுபார்ப்பவர்களுக்கு அந்த நாற்றம் ஒன்றே போதும், நோய் என்னவென்று சொல்லிவிடுவார்கள். பழைய கெபாசிட்டர்களைக் கழற்றி, கசிந்ததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, புதியவற்றைப் பொருத்தினால் கருவி பிழைத்துக்கொள்ளும். தடங்கள் அரிபட்டுப் போவதற்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸிலும் இதே கதை. மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சில மணி நேரம் கடிகாரம் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு கெபாசிட்டரை வைத்திருந்தார்கள். முந்தைய பதிப்புகளில் அது கசிந்து மதர்போர்டையே தின்றுவிடுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டால் கன்சோல் நேரத்தை மறக்கும். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வராது. பரணில் ஒரு பழைய எக்ஸ்பாக்ஸ் இருக்கிறது என்றால் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

கெபாசிட்டர் கசிவதும், பேட்டரி நொடிப்பதும், பிளாஸ்டிக் மஞ்சளாவதும் மெதுவாக நடக்கும் வேதிவினைகள். வெப்பநிலை ஏற ஏற வேதிவினை எப்படி வேகம் பிடிக்கிறது என்பதை 1889இல் சமன்பாடாக எழுதித் தந்தவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸ். அதன் அடிப்படையில் மின்னணுப் பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: இவ்வகைக் கெபாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரட்டிக்கும். கன்சோல் பராமரிப்பு பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைக்கச் சொன்னால், நான் இந்த 10ஐத்தான் சொல்வேன்.

இப்போது நம் வீட்டு டிவி அலமாரியைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு, பின்னால் பலகை, ஒயர் நுழைய ஒரு சிறு துளை. தூசி படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் கன்சோலை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். சில வீடுகளில் மேலே பூ வேலை செய்த துணியும் உண்டு. ப்ளேஸ்டேஷன் 5 கனமான ஆட்டம் ஓடும்போது 200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். மூடிய அலமாரிக்குள் கன்சோல் தான் கக்கிய சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கிறது. சுற்றியுள்ள காற்று 5 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது நின்டெண்டோவின் ஸ்விட்ச், ப்ளேஸ்டேஷன் 5 இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் வகுத்த எல்லை. சென்னையிலும் வேலூரிலும் கத்திரி வெயில் காலத்தில் வெளியே 40ஐத் தாண்டுகிறது. மாடி வீட்டு அறைக்குள் 35 என்பது சாதாரணம். 2022 கோடையில் ஜப்பானில் வெயில் கொளுத்தியபோது, சூடான இடத்தில் வைத்து ஸ்விட்ச் ஆட வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. நமக்கு அந்த எச்சரிக்கை ஆண்டில் பாதி நாள் பொருந்தும். கன்சோலைத் திறந்த மேசையில், நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். தூசியைத் துடைத்துக்கொள்ளலாம், வெந்துபோன சிப்பைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

சூடு ஏறுவது ஒரு கேடு, ஏறி ஏறி இறங்குவது இன்னொரு கேடு. இதற்கு உலகமே பார்த்த சாட்சி எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் வெளிவந்த அந்தக் கன்சோலின் முகப்பில், பச்சை வளையம் எரிய வேண்டிய இடத்தில் முக்கால் வட்டம் சிவப்பாக எரியத் தொடங்கியது. மரணச் சிவப்பு வளையம் என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். புகார்கள் குவிந்து, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தக் கோளாறுக்கு மட்டும் வாரன்டியை 3 ஆண்டாக நீட்டியது. அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது.

நடந்தது என்ன? சிப் என்பது சிலிக்கான் சில்லு. அது உட்கார்ந்திருக்கும் அடித்தட்டு பிசினும் செம்பும் கலந்தது. இரண்டையும் இணைப்பவை கண்ணுக்கு எட்டாத சால்டர் மணிகள். சூடாகும்போது அடித்தட்டு சிலிக்கானைவிட ஏறத்தாழ 5 மடங்கு விரிகிறது. அணைத்தால் அதே அளவு சுருங்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மணிகள் ஒவ்வொரு முறையும் இழுபட்டுத் திரும்புகின்றன. ஒரு கம்பியை இங்கும் அங்கும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அதுபோலத்தான் மணியிலும் விரிசல் விழுகிறது. கன்சோலை அணைப்பதும் போடுவதுமான இந்த வெப்ப ஏற்ற இறக்கத்தில் சிப்புக்குள்ளேயே இணைப்புகள் முறிந்தன என்று 2021இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணப்படத்தில் அந்த நிறுவனத்தாரே சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது ஒரு கைவைத்தியம் ஊரெல்லாம் பரவியது. கன்சோலைக் குளியல் துண்டால் சுற்றி, காற்றே போகாமல் ஓடவிட்டு நன்றாகச் சுடவைத்தால், சிவப்பு மறைந்து ஆட்டம் ஓடும். உண்மையில் ஓடவும் செய்தது, சில நாள்களுக்கு. வெப்பத்தில் பாகங்கள் விரிந்து, விரிசல் கண்ட முனைகள் மறுபடி தொட்டுக்கொண்டன. சால்டர் உருகி ஒட்டவில்லை. ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். துண்டு சுற்றினால் அவ்வளவு சூடு வராது. மற்ற பாகங்கள் நாசமாகும் அளவுக்கு வரும். இன்றும் சில இடங்களில் செத்த மதர்போர்டின்மேல் ஹீட் கன்னைப் பிடித்துவிட்டு "ரெடி சார், எடுத்துட்டுப் போங்க" என்று கொடுப்பதைப் பார்க்கிறோம். அதுவும் இந்தத் துண்டு வைத்தியத்தின் தம்பிதான். காசு கொடுக்கும் முன், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

கன்சோலை அணைக்காமலே இருக்க முடியாது. ஆனால் ஏறி இறங்கும் உயரத்தைக் குறைக்க முடியும், அதற்குத் தூசியைக் கவனிக்க வேண்டும். நாலைந்து ஆண்டு ஓடிய ப்ளேஸ்டேஷன் 4ஐத் திறந்தால், ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். ஃபேனுக்கு அந்தப் பக்கம், சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகள் தொடங்கும் வாயில்தான் பிரச்சினை. தலைமுடியும் துணி நூலும் சாம்பல் தூசியும் சேர்ந்து ஒரு படலமாக அடைத்திருக்கும். நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாகப் பிய்ந்து வரும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஃபேன் முன்பைவிடச் சத்தம் போடுகிறது என்பது ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் தகவல். சத்தம் கூடினால் டிவி ஒலியைக் கூட்டாதீர்கள், கன்சோலைச் சுத்தம் செய்யுங்கள்.

ப்ளோயரால் ஊதும்போது ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றடித்து அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பலகைக்குள் மின்சாரத்தையும் தள்ளலாம். வீட்டு வேக்கும் கிளீனரின் குழாயைத் திறந்த பலகைமேல் நேராக வைக்காதீர்கள், நிலைமின்சாரம் சேரும். ப்ளேஸ்டேஷன் 5இல் இந்த வேலையைச் சுலபமாக்கியிருக்கிறார்கள்: பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் இருக்கின்றன, வெளியிலிருந்தே உறிஞ்சிவிடலாம். அதைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். அதில் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வழக்கமான தெர்மல் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. வெப்பத்தை அருமையாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி இடம் மாறினால் போதும். பழக்கப்பட்ட கைகள் செய்ய வேண்டிய வேலை அது.

கரப்பான்பூச்சியையும் சொல்ல வேண்டும். இருட்டு, கதகதப்பு இரண்டும் ஓயாமல் கிடைக்கும் இடம் கன்சோலின் வயிறு. சமையலறையை ஒட்டிய கூடத்தில் கன்சோல் வைத்திருப்பவர்கள், பக்கத்தில் தின்பண்டத் தட்டை இரவெல்லாம் விட்டுவைக்கக் கூடாது.

கையடக்கக் கருவிகளில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் பேட்டரிதான் இன்று எல்லாவற்றிலும். அதற்கு இரண்டு நிலைகள் ஆகாது: முழு நிறைவு, முழு வெறுமை. நிறைந்து நிற்கும்போது மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். உள்ளேயுள்ள மின்பகு திரவம் மெல்லச் சிதையும். சிதையும்போது வாயு வரும். அந்த வாயுதான் பேட்டரியை உப்பவைத்து, பின்மூடியைத் தள்ளி, திரையை நெம்பிவிடுகிறது. வெறுமையாக மாதக்கணக்கில் கிடந்தால், தானாக வடிந்து வடிந்து மின்னழுத்தம் ஓர் அடிமட்டத்துக்குக் கீழே போகும். அப்போது உள்ளே மின்வாய்க்குத் தாங்கலாக இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்குகிறது. பிறகு சார்ஜ் போட்டால் கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஆகவே நீண்ட நாள் எடுத்துவைப்பதென்றால் 40 முதல் 60 சதவீதம் சார்ஜில் வையுங்கள். ஸ்விட்ச்சுக்கு நின்டெண்டோ சொல்வதும், ஆடாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போடுங்கள் என்பதுதான். எப்போதும் டிவியோடு இணைக்கும் டாக்கிலேயே நிற்கும் ஸ்விட்ச்சின் பேட்டரி ஆண்டு முழுவதும் நூறு சதவீதத்தில் காய்கிறது. இதை உணர்ந்து, 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல் ஏறத்தாழ 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதியை வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் அதை முதல் நாளே போட்டுவிடலாம்.

உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது. உள்ளேயிருப்பது தீப்பற்றும் வாயு. சார்ஜ் போடாமல், எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். அதில் நிற்பவர் ஒரு தூய்மைப் பணியாளர்.

பென்சில் செல் போடும் பழைய கருவிகளில் செல்லை உள்ளேயே விட்டுவைப்பதுதான் பெரும் குற்றம். மலிவான சாதாரண செல்லில் வெளிக்கூடே துத்தநாகம். மின்சாரம் தரத் தர அந்தக் கூடுதான் கரைகிறது. கடைசியில் ஓட்டை விழுந்து ஒழுகுகிறது. அல்கலைன் செல் ஒழுகினால் வருவது காரம். ஸ்பிரிங்கின்மேல் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். பஞ்சுக் குச்சியில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் தடவினால் நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும்.

கேசட்டுக்குள்ளும் ஒரு பேட்டரி ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. போக்கிமான் ரெட், கோல்டு போன்ற கேம் பாய் ஆட்டங்களில் நாம் சேமித்த நிலை ஒரு சிறிய நினைவகச் சிப்பில் இருக்கிறது. 3 வோல்ட் பட்டன் செல் ஒன்று துளித்துளியாக மின்சாரம் கொடுத்து அதை உயிரோடு வைத்திருக்கிறது. கோல்டு, சில்வர் கேசட்டுகளில் அதே செல் கடிகாரத்தையும் ஓட்டுவதால் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்த அன்றைக்கு ஒரு பிள்ளையின் இரண்டு கோடை விடுமுறைகளும் அழிந்துவிடும். சேமித்ததைக் கணினியில் நகலெடுக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. முதலில் நகல், பிறகு செல் மாற்றம். லித்தியம் செல்லின்மேல் நேராகச் சால்டர் வைக்கக் கூடாது, வெடிக்கும். சால்டர் வைப்பதற்கென்று உலோகக் காது வைத்த செல் என்று கேட்டு வாங்குங்கள்.

கேசட் என்றதும் ஊதுவது நினைவுக்கு வரும். 90களில் நம் ஊர் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாமின் நகல்கள். கேசட் வேலை செய்யவில்லையா, எடு, ஊது, செருகு. அமெரிக்காவிலும் பிள்ளைகள் இதையே செய்தார்கள், யாரும் யாருக்கும் சொல்லித்தராமலே. வேலை செய்ததும் உண்மை. ஆனால் வேலை செய்தது ஊதல் அன்று. எடுத்து மறுபடி செருகும்போது உலோக முனைகள் உராய்ந்து மேலே படிந்த ஆக்சைடைச் சுரண்டிக்கொண்டன. ஊதும்போது உள்ளே போனது எச்சிலின் ஈரமும் உப்பும். அது முனைகளை அரித்து, அடுத்த முறை இன்னும் பலமாக ஊதவைத்தது. ஊதாதீர்கள் என்று நின்டெண்டோ நிறுவனமே சொல்லிப் பார்த்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனைகளை நீளவாக்கில் துடையுங்கள். பஞ்சு கறுப்பாகத் திரும்பும். அழுக்கு வராதவரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பர் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்தான், கூடவே மெல்லிய தங்க முலாமும் போய்விடும்.

ஜாய்ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகர்வது இன்றைய தலைமுறையின் நோய். ஸ்விட்ச்சின் ஜாய்-கான் கன்ட்ரோலரில் இந்தக் கோளாறு அவ்வளவு பரவியதால் 2020இல் நின்டெண்டோ தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. குச்சியின் அடியில் கரித் தடம் பூசிய ஒரு மின்தடை இருக்கிறது. அதன்மேல் ஓர் உலோக விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருப்பதும் இதுவே, திருகினால் கரகரப்பதும் இதே காரணத்தால்தான். தேயத் தேய, குச்சி நடுவில் நின்றாலும் அளவு நடுவைக் காட்டாது. கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் சில வாரம் ஓடும். தேய்ந்த கரி திரும்ப வராது. காந்தத்தை வைத்து, தொடாமலே அளக்கும் வழி உண்டு. எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவு அது. 1998இல் சேகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த தீர்வை விட்டுவிட்டுத் தேய்கிற பாகத்தையே பெரிய நிறுவனங்கள் இன்னும் பொருத்துவது நியாயமில்லை. இதில் வாங்குபவர் செய்யக்கூடியது குறைவு: அழுக்குக் கையோடு ஆடாமலிருப்பது, பைக்குள் குச்சி அழுந்தாமல் உறையில் வைப்பது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கன்சோலைப் பிளக்கில் செருகும் முன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ வீ, எக்ஸ்பாக்ஸ் 360 போன்றவற்றின் அடாப்டர்கள் 120 வோல்ட்டை ஒட்டியவை. நம் 230 வோல்ட்டில் போட்டால் புகைந்துபோகலாம். வெயில் படும் சன்னலோரமும் வேண்டாம்: புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும், பழைய திரைகளின் படலத்தைச் சூடு கருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இருப்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் கேசட்டுகளை வையுங்கள்.

உங்கள் வீட்டில் ஆடாமல் கிடக்கும் கையடக்கக் கருவி ஏதாவது இருந்தால், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பென்சில் செல் இருந்தால் கழற்றுங்கள். பின்மூடி சமமாக இருக்கிறதா என்று மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால், புடைத்தால், சார்ஜ் போட வேண்டாம். சமமாக இருந்தால் பாதி சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆசைதீர ஆடிவிட்டு, மறுபடி பாதிக்கு நிரப்பி வையுங்கள். அடுத்த முறை எப்போது என்று காலண்டரில் 6 மாதம் தள்ளி ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.